லுனுமிதெல்லப் பலகை

திலீபன் பலகையை விரல் முட்டியால் தட்டினான். சமையலறையிலிருந்து "வர்றேங்க" என்றாள் சுபாஷினி.

அவன் அவளைக் கூப்பிடவேயில்லை. பலகையை மேல் ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, காதோரம் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தட்டியிருந்தான், அவ்வளவுதான். கிட்டாரின் முகப்புக்கு ஆகும் பலகையா இல்லையா என்பது அந்தத் தட்டலில் தெரிந்துவிடும். ஆகாத பலகை அட்டைப்பெட்டி மாதிரி தொப்பென்று அடங்கிப்போகும். ஆகும் பலகையின் ஒலி கொஞ்ச நேரம் காற்றில் நின்று கரையும். இது கரையவில்லை. எங்கோ வெளியில் கிடந்த ஒரு சத்தம் பலகைக்குள் நுழைந்து, அங்கேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது.

சுபாஷினி ஈரக் கையைக் கவுனில் துடைத்தபடி அறை வாசலில் வந்து நின்றாள். "என்னங்க?"

"என்ன, என்ன?"

"கூப்பிட்டீங்களே. சுபான்னு."

"நான் கூப்பிடல்ல. பலகைய தட்டிப் பார்த்தேன்."

"காதுல கேட்டுச்சுங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். அவள் போனதும், சும்மா விளையாட்டுக்கு, அவன் இன்னொரு தரம் தட்டினான்.

"மீன் கருகுதுங்க, சும்மா சும்மா கூப்பிடாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள்.

அவன் பலகையை மேசையில் வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். எதற்குத் துடைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மாத்தளை டவுனில் பல் வைத்தியர் ஒருவரிடம் பொய்ப்பற்கள் செய்து கொடுப்பது அவன் வேலை. பகலெல்லாம் மெழுகும் சாந்துமாக, முகம் தெரியாத ஆட்களின் ஈறுகளோடு கழியும். மாலையில் அலுவிகாரை வீட்டுக்கு வந்தால் பின்னறையில் கிட்டார். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இதுவரை செய்தவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டான். பார்க்க அழகாக இருந்தன. ஒன்றுக்குக்கூடக் குரல் இல்லை. போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஒரு மந்தம். இந்தத் தடவை பக்கங்களுக்கும் முதுகுக்கும் பலா. முகப்புக்கு, இரத்தோட்டையில் பழைய மரம் விற்கிற மாடசாமியிடம் கிடைத்த லுனுமிதெல்ல, மலைவேம்பு மரம். இவ்வளவு காய்ந்த, இவ்வளவு நேரான ரேகையுள்ள பலகையை அவன் கண்டதில்லை.

சுபாஷினிக்குப் பாலர் பாடசாலையில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வெறுமையைப் பேசியே நிரப்பி வைத்திருந்தாள் அவள். பஸ்ஸில் நடந்தது, பிள்ளைகள் சொன்னது, கறிக்கு உப்புக் கூடியது, எல்லாவற்றையும் சுவர் தாண்டி அவனுக்குச் சொல்வாள். வெள்ளிக்கிழமை கோயிலில் அவள் பாடினால் வாசலில் செருப்புக் கழற்றுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏ-நைன் ரோட்டில் லொறிகள் இரைந்து போகும்; அந்த இரைச்சலுக்கு மேலே அவள் குரல். அதைக் கேட்டுக்கொண்டு மரம் சீவுவதுதான் திலீபனுக்குத் தெரிந்த சந்தோஷம்.

முகப்பின் உட்புறத்தில் தாங்கு சட்டங்களை ஒட்டி, அவற்றை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்க ஆரம்பித்தான். ஒரு சீவல், ஒரு தட்டல். ஒவ்வொரு சீவலுக்கும் பலகை வாய் திறந்துகொண்டே வந்தது. அடியில் ஒரு கனம் சேர்ந்தது. அதற்கு மேல் தேன் மாதிரி ஒரு இழைவு.

அந்த வாரம் சுபாஷினி இருமத் தொடங்கினாள். கரும்பலகைச் சோக் தூள் என்றாள். கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். குரல் மெலிந்தது. வெள்ளிக்கிழமை பாட எழுந்தவள், முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு, தொண்டையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கீழ்ச் சுருதியே அவளிடம் இல்லை. யாரோ அடியிலிருந்து வெட்டி எடுத்த மாதிரி.

அவளிடம் எது குறைந்ததோ அது பலகையில் கூடியிருந்தது. திலீபனுக்கு அது தெரிந்தது. தெரிந்த அந்த நொடியிலேயே, பைத்தியக்கார யோசனை என்று தள்ளிவிட்டான். மறுநாள் மாலை உளியைத் தீட்டிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான். அப்படி ஒரு ஒலியை அவன் கை அதுவரை செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை மூட்டத்தோடு இருட்டிக்கொண்டு வந்தது. முதுகுப் பலகையை ஒட்டிப் பெட்டியை மூட வேண்டிய நாள் அது. ஓரம் முழுவதும் பசை தடவி, பலகையைப் பொருத்தி, சுற்றிவரக் கிளாம்ப்களைப் பூட்டினான். பசையின் புளித்த வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து அறைக்குள் நின்றன. முற்றத்தில் சுபாஷினி கொடியிலிருந்து உடுப்புகளை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மழை வந்திருச்சு! வந்து ஒரு கை கு..."

அவன் கடைசிக் கிளாம்பைத் திருகி இறுக்கினான்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தான். அவள் நனைந்துகொண்டு நின்றாள். கையில் அவனுடைய சட்டை. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்றுக்கூட வெளியே வரவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக அசைகிறது, மனதில் ஏதாவது அதிர்ச்சியா என்று கேட்டார்கள். அவள் சத்தமில்லாமல் அழுதாள். திலீபன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வேனில் திரும்பி வரும்போது அவள் அவன் தோளில் சாய்ந்திருந்தாள். அவன் மனைவியாக அவள் சாய்ந்தது அதுதான் கடைசி.

அதன் பிறகு அவள் அழவில்லை. பேச முயலவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை அவன் எழுந்து வந்தபோது கேஸ் அடுப்பின் முன்னால், அதை எப்படி மூட்டுவதென்று தெரியாதவளாக நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி எரித்துச் சோறு வடித்தாள். கதிரையில் உட்காருவதை விட்டாள். தரையில்தான் உட்கார்ந்தாள். அவன் அறைக்குள் வந்தால் சட்டென்று எழுந்து, சுவரோரம் ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவன் உட்காரும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

"சுபா, எதுக்கு எந்திரிக்கிற? நான்தானே?"

அவள் நிமிரவில்லை.

பக்கத்து வீட்டு றுஸைனா ஒரு நாள் பின்னேரம் சுகம் விசாரிக்க வந்தாள். கையில் கஞ்சிப் பாத்திரம். முன் கதவால் வந்து, நடையைக் கடந்து, கொல்லைப் படியில் நின்ற திலீபனைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ், சுபாக்காக்கு கொரல் வந்திருச்சே! சொல்லவே இல்லயே நீங்க. அந்த ரூம்ல தனியா பேசிக்கிட்டு இருக்காங்க, போய்ப் பாருங்க."

அப்போதுதான் அவள் கண், திலீபனுக்குப் பின்னால், கல்லடுப்பின் முன் குந்தியிருந்த சுபாஷினியின் மேல் விழுந்தது. றுஸைனா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அடுப்பைப் பார்த்தாள். பாத்திரத்தைப் படியில் வைத்தாள். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

திலீபன் பின்னறைக் கதவைத் திறந்தான். மூடிய நாளிலிருந்து அவன் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. கழுத்துமில்லை, தந்தியுமில்லை, வெறும் உடல். முகப்பின் நடுவில் வட்டமான துளை. உள்ளே இருட்டு. அவன் முழந்தாளிட்டுத் துளையில் காதை வைத்தான். வெதுவெதுப்பான காற்று கன்னத்தில் பட்டது.

"...என்னங்க?"

அதே குரல். கனம், இழைவு, எல்லாம் முழுசாக.

"சுபா."

"எங்கங்க இருக்கீங்க? கரண்ட் போயிருச்சா? ஒண்ணுமே தெரியல்ல."

அவன் துளையின் விளிம்பை விரலால் பற்றிக்கொண்டான்.

"உடுப்பெல்லாம் நனைஞ்சிருச்சாங்க?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி: "என்னங்க... இங்க பக்கத்துல யாரோ மூச்சு விடுறாங்க."

காலையில் முதல் பஸ்ஸில் இரத்தோட்டைக்குப் போனான். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி மாடசாமியின் மரக்கொட்டிலைப் பாதி மூடியிருந்தது. மாடசாமி தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார்.

"அந்தப் பலகையா? மேல ஒரு பழைய பங்களா உடைச்சாங்க சேர். குசினிக்குப் பின்னுக்கு ஒரு சின்ன ரூம். ஜன்னலே இல்ல. சுத்திவர லுனுமிதெல்ல அடிச்சிருந்துச்சு."

"யாரோட ரூம்?"

"வேலக்காரங்க யாராவது இருந்திருப்பாங்க. வெள்ளக்காரன் காலத்துக் கட்டடம். யாருக்குத் தெரியும்?" கோப்பையைப் பார்த்தார். "தாழ்ப்பாள் மட்டும் வெளிப்பக்கம் இருந்துச்சு."

"வெளிப்பக்கமா?" என்றான் திலீபன்.

"உள்பக்கம் பூரா கீறல் சேர். மனுச ஒசரத்துக்கு. நகத்தால கீறின மாதிரி. அது போக சீவித்தான் உங்களுக்கு தந்தேன்."

"மத்தப் பலகை?"

"எரிச்சிட்டோம்." மாடசாமி கொட்டிலின் சாம்பல் மேட்டைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். "எரியிறப்போ இருந்த சத்தத்துல எங்க வீட்டுல ஒருத்தருக்கும் சாப்பாடு எறங்கல்ல. நீங்க அத எரிச்சிராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் கத்தியைச் சூடாக்கினான். ஒட்டிய பசை சூட்டுக்கு இளகும். முதுகுப் பலகையின் ஓரத்தில் முனையைச் செருகி, மெதுவாக நகர்த்தினான். விளிம்பு முனகிக்கொண்டு விட்டது. ஒரு மயிரிழை திறந்தது.

உள்ளே அவள் அலறினாள்.

"வேணாங்க! வெளிய இழுக்குது... நான் கரையிறேங்க... என்னங்க..."

குரல் தேய்ந்தது. அடிக் கனம் போயிற்று. இழைவு போயிற்று. அவன் கண்ணெதிரே, ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி. கத்தியை வீசிவிட்டு, கிடைத்த பசையையெல்லாம் அந்தப் பிளவில் அள்ளி அப்பி, கிளாம்ப்களைப் பூட்டி, பெட்டியின் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். நெடுநேரம் கழித்து, மெல்லிய நூலாக, உள்ளே விசும்பல் கேட்டது. உயிரோடு இருக்கிறாள். அதற்குள்ளேதான் இருக்க முடியும். திறக்க முடியாது. உடைக்க முடியாது. எரிக்க முடியாது.

நிமிர்ந்தபோது வாசலில் அவள் உடம்பு நின்றுகொண்டிருந்தது. தலை குனியவில்லை. அவன் செய்ததையெல்லாம் பார்த்திருக்கிறது. உதட்டோரம் ஒரு சிரிப்பு.

வேலைக்குப் போவதை விட்டான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காதைத் துளையில் வைத்தபடி இருந்தான். அவள் பாலர் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். கோயிலைப் பற்றிக் கேட்டாள். எப்போது விடியும் என்று கேட்டாள். அவன் பொய் சொன்னான். பொய் தீர்ந்ததும் சும்மா "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொல்லையில் சுள்ளி முறிகிற சத்தம். புகை. யாரோ வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்து, ஒவ்வொரு அறையாகக் கூட்டி, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து வைத்துக்கொண்டு போகிற சத்தம்.

விளக்கு வைக்கிற நேரம். சுபாஷினி பெட்டிக்குள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

"என்னங்க."

"இருக்கேன்."

"அந்த மூச்சு நின்னிருச்சு."

அவன் பெட்டியை இறுக்கிப் பிடித்தான்.

"கதவு தொறந்து போன மாதிரி இருந்துச்சுங்க. போயிட்டாங்க. இப்ப இங்க நான் மட்டும்தான்."

நடையில் காலடி. வெறுங்கால். நெருங்கியது.

"என்னங்க, நானும் வரவா? கதவு எந்தப் பக்கம்? சொல்லுங்க, எந்தப் பக்கம்?" உள்ளிருந்து தட்டத் தொடங்கினாள். முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும்.

காலடி அவன் அருகே வந்து நின்றது. புகை வாசனை. சுபாஷினியின் கவுன், சுபாஷினியின் வளையல். அவள் குனிந்தாள். பல வாரமாகச் சத்தமே வராத அந்த வாய் திறந்தது. வந்தது அவன் ஒருநாளும் கேட்டிராத குரல். வயதான, நெடுநாள் பேசாத, பணிவான குரல்.

"தொரை. சாப்பாடு போட்டாச்சுங்க."

அவன் அசையவில்லை. அசைய முடியவில்லை.

"ஆறிருங்க தொரை. வாங்க."

சொல்லிக்கொண்டே அவள் தன் உள்ளங்கையை நீட்டி, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது போல, துளையின் மேல் பதமாக வைத்து மூடினாள். அந்தக் கைக்கு அடியில் தட்டல் தொடர்ந்தது. கை அசையவேயில்லை.