விரலுக்குள் ஒரு கூச்சல்

"கைய புடிடா, பஸ் வருது!" என்றாள் அம்மா.

அருள் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் டவுசர் பைக்குள் திணித்துக்கொண்டு, குனிந்த தலையோடு சாலையைக் கடந்தான். அம்மாவின் முகம் வாடிப்போனது. டயானா அதைப் பார்த்துவிட்டாள்.

டயானாவுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. ஒரு வாரமாக அவன் அம்மாவின் கையைத் தொடுவதே இல்லை.

மாலையில் பெசன்ட் நகர் குப்பத்துத் தெருவில் அவனை ஓரமாக நிறுத்தினாள்.

"அம்மா மேல இன்னாடா கோவம்?"

அவன் உதடு துடித்தது. "பீச்ல பஞ்சுமிட்டாய் கேட்டு நான்தான் அம்மா கைய புடிச்சி இழுத்தேன். மறுநாளே வீங்கிடுச்சி. இனிமே தொடமாட்டேன்."

அம்மாவுக்கு வந்திருப்பது மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கியபோது டயானாவும் பக்கத்தில் இருந்தாள். அதை இந்த வாண்டுக்கு எப்படிச் சொல்வது?

பக்கத்து வீட்டு பாரத்தையும் மேகலாவையும் கூப்பிட்டாள்.

"பாரத் 'திருடன்'னு கத்துவான். அத கேட்டு மேகலா கத்தணும். அப்புறம் நான். எங்க சத்தத்த கேட்டு பாரத் இன்னும் ஜோரா கத்தணும். சரியா?"

கத்தினார்கள். தெருவே அதிர்ந்தது. மாடி வீட்டு அய்யாதுரை மாமா கழியோடு ஓடிவந்தார். "எங்கடா அவன்?" என்று குழாயடியில் ஓங்கி ஒரு போடு போட்டார். உடைந்தது அவர் வீட்டுக் குடம்தான்.

டயானா பாய்ந்து பாரத்தின் வாயைப் பொத்தினாள். அவன் சத்தம் நின்றதும் மேகலாவின் சத்தமும் தேய்ந்து அடங்கியது.

அருள் விழுந்து விழுந்து சிரித்தான். "திருடனே இல்லியே மாமா!"

"அம்மா விரல்லயும் இதாண்டா நடக்குது" என்றாள் டயானா. "மூட்டுக்குள்ள கண்ணுக்கே தெரியாத செல்லுங்க கீது. ஒண்ணு 'எதிரி'னு சேதி அனுப்பும். அத கேட்டு இன்னொண்ணு அனுப்பும். அந்தச் சேதிய கேட்டு மொதல் செல்லு இன்னும் நெறய அனுப்பும். காவல் காக்குற செல்லுங்க ஓடியாந்து நம்ம மூட்டு மேலயே பாயும். ஆனா எதிரியே கிடையாது."

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்களே?"

"நான் பாரத் வாய பொத்துன மாதிரி, அது ஒரு சேதிய மட்டும் புடிச்சி நிறுத்தும். மத்ததும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்."

"அப்போ, நான் இழுத்ததால இல்லியா?"

"இழுத்தப்போ வலிச்சிருக்கும். வியாதி வந்தது உன்னால இல்லடா, லூசு."

"என் குடத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் மாமா.

"நீங்கதான் காவல் செல்லு மாமா!" என்றாள் மேகலா.

அருள் அதற்குள் ஓடிவிட்டான். வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்தான். வீங்கிய விரல்களைப் பூப்போல ஏந்தி, அவற்றின் அருகே வாயைக் கொண்டுபோனான்.

"ஷ்ஷ்! திருடன் யாரும் வரல. கத்தாதீங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கூடையை டயானாதான் கழுவி முடித்தாள்.