எட்டாவது வட்டத்தில் இருந்தவர்கள்

மன்னார்குடிக் கடற்கரையில் அன்று இருந்தவர்கள்: அறவாழியாகிய நான், என் மனைவி சௌந்தரவல்லி, என் தம்பி செங்குட்டுவன், அவன் மனைவி கோமளா, என் மகன் இளவழுதி, மருமகள் ரோஸ்லின், பேத்தி நிறைமதி. ஏழு பேர். குடிவட்டப் பதிவேட்டில் எங்கள் குடும்பத்தின் எட்டாம் ஆண்டுக் கூடலுக்குக் கீழே இந்தப் பெயர்கள் இதே வரிசையில் உள்ளன.

காலை ஏழு மணிக்கு அலை தணிந்திருந்தது. வயல்களின் மேல் ஏறிய கடல் அங்கே இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது. மூழ்கிய மின்கோபுரம் ஒன்றின் உச்சி மட்டும் தெரிந்தது. கரையில் எங்களைப்போலக் கூடல் படம் எடுக்க வந்த இருபது முப்பது குடும்பங்கள் வரிசை கட்டிக்கொண்டிருந்தன. என் தங்கை தமயந்தி மீன்விழிக் கேமராவின் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். அந்தக் கண்ணாடிக்கு மூடி போட முடியாது. முட்டை போல வெளியே புடைத்திருக்கும். ஒரு மணல் துகள் கீறினாலும் படம் முழுவதும் அந்தக் கீறல் தெரியும்.

"தமயந்தி, போன வருஷம் என்னை ஓரத்துல நிறுத்தி இந்த வயித்தைப் பூசணிக்காய் ஆக்கிட்ட. இந்தத் தடவை உள்ளே தள்ளிவிடு" என்றான் செங்குட்டுவன்.

"வயித்தை வீட்டுல வச்சுட்டு வந்திருந்தா லென்ஸ் என்ன பண்ணப்போவுது?" என்றாள் அவள்.

மீன்விழியில் நடுவில் நிற்பவர் மட்டும் நேராக இருப்பார். நடுவை விட்டு விலக விலக உடல் வளையும். விளிம்பில் நிற்பவரின் தலை நீண்டு தோள் சரிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் நடு இடம் என்னுடையது. வேதாரண்யத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிவந்த நானூறு குடும்பங்களுக்கும் குடியேற்றக் குழுத் தலைவனாக இருந்தவன் நான். நான் வளைந்த படம் எதுவும் பதிவேட்டில் இல்லை.

தமயந்தி இரண்டு அடி முன்னால் வந்தாள். நூற்றெண்பது பாகையையும் விழுங்கும் லென்ஸுக்கு அருகில் வரவேண்டும். தள்ளி நின்றால் மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். பிறகு கால்களைப் பின்னால் வைத்து, இடுப்பை வளைத்து, உடலை முன்னுக்குச் சாய்த்து, கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள். அவள் அப்படித்தான் நிற்பாள். அதற்குக் காரணம் நான். முதல் ஆண்டுப் படத்தில் அவளுடைய இரண்டு கால்விரல்களும் நீலச் செருப்பும் வட்டத்தின் அடியில் விழுந்திருந்தன. "குடும்பப் படத்துல செருப்பு எதுக்கு?" என்று கேட்டேன். அதன்பின் ஒருமுறைகூட விழவில்லை.

ஆண்டுதோறும் இப்படிப் படம் எடுக்கச் சொல்லும் சட்டம் வந்த காரணத்தைப் பின்னால் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடல் ஏறியபோது பத்திரங்கள் போயின. படங்களை வைத்து உறவை நிரூபிக்கலாம் என்றால், எந்திரங்கள் நெய்த படங்கள் கடலைவிட வேகமாக ஏறின. இல்லாத அண்ணனையும் இறந்த தாயையும் பக்கத்தில் நிறுத்தி எவரும் வீடு கேட்கலாம் என்றாயிற்று. அதனால் சாட்சிப்படச் சட்டம் வந்தது. வெட்டாத முழுவட்டப் படம் மட்டுமே செல்லும். கேமராவை மனிதக் கையே பிடிக்க வேண்டும். பிடிப்பவரின் கருவிழி படத்தில் ஒளிமுத்திரையாகப் பதியும். ஆண்டுக்கு ஒரு கூடல், கூடலுக்கு ஒரே படம். இரண்டு படம் எடுத்தால் ஒட்டுவேலைக்கு வழி பிறக்கும் என்பதால் அது கூடாது. வட்டத்தில் இருப்பவர்கள் குடும்பம். தொடர்ந்து ஏழு ஆண்டு வட்டத்தில் இல்லாதவர் தானாகவே பதிவேட்டிலிருந்து உதிர்ந்துவிடுவார்.

மற்றக் குடும்பங்களில் ஆண்டுக்கு ஒருவர் கேமராவைப் பிடிப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தமயந்திக்குக் கை நடுங்காது. திருமணம் செய்துகொள்ளாதவள், பயணச் சாட்சிப்படம் எடுப்பதே அவள் தொழில். ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் பேருந்திலும் படகுத்துறையிலும் அவளைப் பிடித்து நிறுத்தி ஒரு வட்டம் எடுத்துக்கொள்வார்கள். இப்படி ஒருத்தி வீட்டில் இருக்கும்போது சீட்டு எதற்கு?

ஆறாவது கூடலுக்குப் பின் பதிவகத்திலிருந்து எனக்கு ஓர் அறிவிப்பு வந்தது. குடும்பத்தில் ஒருவர் வட்டத்தில் காணப்படவில்லை, கவனிக்கவும் என்று இருந்தது. என் குடும்பத்தில் ஆள் குறைகிறது என்று ஓர் அலுவலகம் எனக்குச் சொல்வதா? பெயரைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. "எங்கள் குடும்பத்தில் எவரும் குறையவில்லை. படத்தைச் சரியாகப் பார்க்கவும்" என்று பதில் எழுதினேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. செங்குட்டுவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

மன்னார்குடியிலிருந்து திரும்பிய மூன்றாம் மாதம் தமயந்தி போன் செய்தாள். இடது கண்ணில் புரை எடுக்க மருத்துவமனைக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, எனக்கு யாரும் இல்லைன்னு இங்க திரையில வருது. கொஞ்சம் வந்து சொல்லுங்களேன்."

போய்ச் சொன்னேன். என் சொல்லை அங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. குடிவட்டத்தில் உள்ளவர் கையெழுத்திட்டால்தான் அறுவை; அவளுக்கு வட்டமே இல்லை. அன்று மதியமே அவளை அழைத்துக்கொண்டு சேலத்துப் பதிவகத்துக்குப் போனேன்.

அதிகாரியின் பெயர் நாச்சியார். முப்பது வயது இருக்கலாம். எட்டு வட்டங்களையும் திரையில் விரித்து வைத்து ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"எல்லாப் படத்துலயும் இவங்க கருவிழி இருக்குங்கய்யா. சாட்சியா இருக்காங்க. ஆனா சாட்சி வேற, உறவு வேற."

"என் தங்கைம்மா இவ."

"ஒரு கைவிரல், காலு, எதாவது தெரிஞ்சாலும் மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். முதல் படத்துல கால் இருக்கு. ஆனா கணக்குக்கு வர்றது கடைசி ஏழு." அவள் தமயந்தியைப் பார்த்தாள். "இவ்வளவு சுத்தமா எப்படிக்கா எடுத்தீங்க? ஒரு நிழல்கூட விழலையே."

தமயந்தி என்னைப் பார்க்கவில்லை. "பழக்கம்மா" என்றாள்.

நாச்சியார் படிவத்தை என் பக்கம் திருப்பினாள். குடும்பத் தலைவர் காரணம் குறிக்க மூன்று கட்டங்கள் இருந்தன: விலக்கப்பட்டார், தானாக விலகினார், கவனக்குறைவால் விடுபட்டார்.

"மூணாவதுல குறி போட்டீங்கன்னா இன்னைக்கே சேர்த்துடலாங்கய்யா."

"அதுக்கு அப்புறம்?"

"உங்க குடும்பப் பக்கத்துல ஒரு வருஷம் ஒரு வாசகம் இருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

வாசகத்தைக் காட்டச் சொன்னேன். 'இக்குடும்பம் தன் உறுப்பினர் ஒருவரைக் கவனிக்கத் தவறியது.' யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானூறு குடும்பங்களும் படிக்கும். அவர்களில் பாதிப் பேருக்கு உறவு என்றால் என்னவென்று கூட்டம் போட்டுச் சொன்னவன் நான்.

"ரெண்டாவதுல போட்டா?"

"மூணு வருஷம் கழிச்சு அவங்களே திரும்ப விண்ணப்பிக்கலாம். அதுவரைக்கும் தனியர்னு ஆயிடும். அறுவைக்குத் தனியர் நலத்துறையே கையெழுத்துப் போடும். முப்பது நாள்ல தனியர் குடியிருப்புக்கு மாறணும். இப்ப இடம் இருக்கறது ஆரணியில."

மூன்று ஆண்டு ஒன்றும் பெரிதல்ல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முப்பது நாள் விதியைக் குழுவில் பேசித் தளர்த்திவிடலாம் என்றும் நினைத்தேன். இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன்.

"அண்ணே, நான் எங்கயும் விலகிப் போகலையே" என்றாள் தமயந்தி.

"இது வெறும் காகிதம்மா."

திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம்போலக் கேமராவை எடுத்துக் கொண்டைஊசி வளைவுகளை ஒரு வட்டம் எடுத்தாள். அந்த வட்டத்தில் நான் இருந்திருப்பேன். ஓரத்தில்.

விதி தளரவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஒற்றைப் பெட்டியோடு கிளம்பினாள். சௌந்தரவல்லி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். "வருஷா வருஷம் வருவல்ல?" என்று கோமளா கேட்டதற்கு, "கூடல்ல தனியர் நிக்கக் கூடாதாமே, அண்ணி" என்று சிரித்தாள். குடும்பக் கேமராவை என் மேசையில் வைத்தாள்.

"இதை வச்சுட்டுப் போறேண்ணே. அடுத்த வருஷம் யாராவது பிடிக்கணும்ல."

அவள் போனபின் அவள் வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். சுவரில் வட்டங்கள் ஒட்டியிருந்தன. வேலைக்கு எடுத்தவை அல்ல, அவளுக்காக எடுத்தவை. காய்கறிச் சந்தை, மழை நாள் படகுத்துறை, காலியான பேருந்து நிலையம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு படத்தில் அவளுடைய அறை மட்டும். ஒரு நாற்காலி, ஒரு தம்ளர், வளைந்த ஜன்னல். அந்தப் படங்களில் அவள் காலைப் பின்னால் வைத்திருக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் நீலச் செருப்பு, இரண்டு கால்விரல்கள். நான் எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

ஒன்பதாம் கூடலில் கேமராவை நான் வாங்கிக்கொண்டேன். செங்குட்டுவனை நடுவில் நிற்கச் சொன்னேன். அவன் தயங்கினான். "போய் நில்லுடா" என்றேன். கண்ணாடிக்குள் பார்த்தால் என் குடும்பம் முழுவதும் ஒரு சிறிய ஒளித்தட்டில் இருந்தது. நான் மட்டும் வெளியே இருந்தேன். அவர்கள் பார்ப்பது என்னையல்ல, அந்தக் கண்ணாடியை. அப்படி எட்டு ஆண்டு ஒருத்தி நின்றிருக்கிறாள். என் செருப்பு வட்டத்தின் அடியில் விழுந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டு முடிந்ததும் ஆரணிக்குப் போனேன். தனியர் குடியிருப்பில் நாற்பது கதவுகள், ஒரே நிறம். அவள் மூக்குக்கண்ணாடி மாற்றியிருந்தாள், மெலிந்திருந்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். அவள் விண்ணப்பிக்க வேண்டிய தாளை மேசைமேல் வைத்தேன். கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

"கேமராவை இப்ப நான்தான் பிடிக்கறேன். நீ நடுவுல நில்லும்மா."

அவள் தாளை எடுத்துப் படித்துவிட்டு மேசையிலேயே வைத்தாள்.

"அங்க வந்தா எங்க நிக்கறதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள். கோபமில்லை. வழி கேட்டவருக்குத் தெரியாது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். பிறகு என்னைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டாள். தாள் அவள் மேசையிலேயே இருக்கிறது. அது நடந்து ஓராண்டு ஆகிறது.

முத்திரையிட்ட படிவத்தை மாற்ற முடியாது என்று நாச்சியார் சொல்லிவிட்டாள். ஆனால் எந்த வட்டத்தோடும் குடும்பத் தலைவர் ஓர் இணைப்புரை சேர்க்கலாம். அது அழிக்கப்படாது, யாரும் படிக்கலாம். எட்டாவது வட்டத்தோடு இதைச் சேர்க்கிறேன்.

ஏற்காட்டில் எங்கள் ஊர்க்காரர்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது. தமயந்தி யாரோ ஒரு பயணியோடு போய்விட்டாள் என்றும், அந்தக் கோபத்தில் அறவாழி அவளைக் குடும்பத்திலிருந்து வெட்டிவிட்டான் என்றும் சொல்கிறார்கள். மானத்துக்காகச் செய்தான் என்று என்னைப் பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. அவள் யாரோடும் போகவில்லை. நான் அவளை விலக்கவில்லை. படிவத்தில் நான் குறித்தபடி அவள் தானாக விலகவும் இல்லை. எட்டு ஆண்டும் கேமராவை அவள் பிடித்திருந்தாள். எங்களில் ஒருவரும் அதை அவள் கையிலிருந்து வாங்கவில்லை. மன்னார்குடிக் கடற்கரையில் அன்று இருந்தவர்கள் எட்டுப் பேர்.