மூன்றாவது கணக்கு

கடவுச்சொல்லைத் தட்டுவதற்கு முன்பே படம் வரையும் செயலியின் கணக்கு திறந்துகொண்டது.

இந்தோனேசியாவின் ஸெமாராங் நகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் ஹெஸ்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதையெல்லாம் வரைந்து தள்ளும் இந்தச் செயற்கை அறிவு வந்த கையோடு, ஓவியர்கள் எல்லோரையும் நாயை விரட்டுவதுபோல் விரட்டியிருந்தான். சாயங்கால மழை தகரக் கூரையில் அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் இரைந்தது. மையின் வாடையும் கிராம்புச் சிகரெட்டின் இனிப்புப் புகையும் ஈரக் காற்றோடு குழைந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன.

இணைக்கப்பட்ட கணக்குகளின் பக்கத்துக்குப் போனான். அவன் இணைத்தவை இரண்டே: மின்னஞ்சல், கைபேசி எண். அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதன் பெயரும் ஹெஸ்து.

கடைசியாக விரட்டப்பட்ட ஓவியக்காரி நிங்ரூமைக் கைபேசியில் பிடித்தான்.

"என்ன நிங், என் கணக்குல புகுந்து விளையாடுறியா? சோத்துக்கு வழியில்லைன்னா வாசல்ல வந்து நில்லு. மிச்சம் மீதி போடுறேன்."

"நான் அதைத் தொட்டே மாசக்கணக்காச்சு, பாக்." விரட்டியவனை இன்னும் 'ஐயா' என்றே அழைத்தவள் தயங்கினாள். "பக்கத்துல யாரு? நீங்க சொல்றதுக்கு முன்னாடியே உங்க குரல்ல யாரோ அதையே சொல்றாங்களே."

"கழுதைக்கு எதிரொலின்னா என்னன்னு தெரியுமா?" என்று சொல்லித் துண்டித்தான்.

மூன்றாவதன் எதிரே 'நீக்கு' என்பதை அழுத்தினான். மின்னஞ்சல் மறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினான். கைபேசி எண் மறைந்தது. மறுபடி.

'இதை நீக்க முடியாது. உள்ளே நுழைய மிச்சமிருக்கும் ஒரே வழி இதுதான்.'

பிறகு, யாரும் கேட்காமலே ஒரு படம் வரையப்பட்டது. மங்கலிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்தது. அச்சு இயந்திரம். காகிதக் கட்டுகள். இதே கடை. மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன். ஹெஸ்துவின் சட்டை.

சட்டெனத் திரும்பினான். யாருமில்லை.

முதுகு நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தான். அது சொட்டியது. கால்விரல்களுக்கிடையே தண்ணீர் ஓடியது.

மழைச் சத்தம் கூரையில் இல்லை. தலைமேல்.

எதிரே கண்ணாடி. அவன் கடையின் முகப்புக் கண்ணாடி. உள்ளே விளக்கு எரிந்தது. அவன் நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான்.

தட்டினான். சத்தமே எழவில்லை. அலறினான். குடைபிடித்துப் போன ஒருத்தி அவன் தோளை உரசிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

உள்ளே இருந்தவன் எழுந்து வந்தான். கண்ணாடிக்கு அருகே முகத்தை வைத்து உற்றுப் பார்த்தான். உதட்டைக் கோணினான்.

"சீ, என்ன கறை இது."

துணியை எடுத்தான். ஒரே ஒரு இழுப்பு. அலறல் நின்றது. ஹெஸ்து முகத்தைத் தடவிப் பார்த்தான். வாய் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

துணி கண்களை நோக்கி உயர்ந்தது.