முப்பத்தெட்டுப் புள்ளி ஆறு

ஓவனின் சின்னத் திரையில் ஒரு புள்ளி இருந்தது.

மகளுக்கு வெந்நீர் வைக்க வந்தவள், பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 38.6. சமையலறைச் சுவரில் பதித்த ஓவன் அது. நான்கு வருஷமாக வீட்டில் எந்த கேக் வெந்தாலும் அதற்குள்தான் வெந்தது. ஐம்பது, நூறு, நூற்றெண்பது என்று முழு எண்களைத் தவிர வேறெதையும் அது காட்டியதில்லை. பத்து நாளாக யாரும் அதைத் தொடவும் இல்லை. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை, மத்தியானத்தைச் சாயங்காலம் போல் இருட்டாக்கிக்கொண்டு, காலையிலிருந்து ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அந்த மங்கலில் பச்சை எண்கள் மட்டும் துல்லியமாகத் தெரிந்தன.

கண்ணாடிக் கதவில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு, இரண்டு நாளாக அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நெற்றியைப் போல இருந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் திறந்து மெயினை அணைத்தாள். ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. விளக்கு போனது. திரும்பி வந்து பார்த்தபோது இருட்டுச் சமையலறையில் 38.7 என்று எரிந்துகொண்டிருந்தது.

ஓவனைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டாள். தலை நரைத்த, வாய் ஓயாத மனிதர்.

"நம்பர் தப்பாக் காட்டுதுன்னா பத்துல ஒம்போது சென்சார்தான்மா. மெயினை அணைச்சு பத்து நிமிஷம் சும்மா விடுங்க. தானா சரியாயிடும்."

"அணைச்சிட்டேன் அண்ணா. அப்பவும் காட்டுது."

"கரண்டே இல்லாமயா?" அவர் சிரித்தார். "அப்படின்னா அது ஓவன் இல்லம்மா, மின்மினிப் பூச்சி. மழை கொஞ்சம் விடட்டும், வரேன்."

மெயினைத் திரும்பப் போட்டுவிட்டு அவள் படுக்கையறைக்குப் போனாள். மகள் மொட்டு சுருண்டு படுத்திருந்தாள். ஆறு வயதுக்கு அந்தக் கட்டில் எப்போதுமே பெரிது. காய்ச்சலில் இன்னும் சிறுத்துப்போய், போர்வைக்குள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருந்தது. டாக்டர் பார்த்தாகிவிட்டது. சாதாரணக் காய்ச்சல்தான், மூன்று நாளில் விடும், நாற்பதைத் தாண்டினால் மட்டும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். தெர்மாமீட்டரைக் குழந்தையின் அக்குளில் வைத்தாள். அது கீச்சென்று கத்தியது.

38.7.

ஏதோ தோன்றியது. தூக்கம் கெட்ட தலைக்கு என்னவெல்லாமோ தோன்றும் என்று அதைத் தள்ளிவிட்டாள். அரை மணி கழித்து மறுபடி வைத்தாள். 39.1. எழுந்து, காலடி ஓசை கேட்காமல், எதையோ கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவளைப் போல நடந்து சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

39.1.

தண்ணீர் குடித்தாள். திரும்பிப் போய் வைத்தாள். 39.3. ஓடி வந்தாள். 39.3. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த பத்தடி நடையில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கணவன் கப்பல் வேலையில், நடுக்கடலில் இருந்தான். நாலைந்து முறை அறுந்த பிறகுதான் அழைப்பு கிடைத்தது.

"நீ ரெண்டு நாளா தூங்கல" என்றான். "கொஞ்ச நேரம் கண்ணை மூடு."

"நான் சொல்றது உனக்குப் புரியுதா? ஓவன்ல இவ காய்ச்சல் தெரியுது."

"ஆளைப் பயமுறுத்தாதேம்மா. பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு..." குரல் இரைச்சலில் மூழ்கியது.

மூன்று மணிக்கு 40.2.

மொட்டு பிதற்ற ஆரம்பித்திருந்தாள். கண்கள் பாதி திறந்து, வெள்ளை மட்டும் தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். பெரிய சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். டாக்சிக்குப் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. ஈரத்துணியைக் குழந்தையின் நெற்றியில் போட்டால், போட்ட வேகத்தில் அது காய்ந்தது. மருந்து கொடுத்தால் வாந்தி. 40.5.

அவள் சமையலறைக்கு ஓடி ஓவன் கதவைத் திறந்தாள்.

ஈரமான வெப்பம் முகத்தில் அடித்தது. கூடவே ஒரு வாசனை. கேக்கும் இல்லை, கருகலும் இல்லை. வியர்த்த உச்சந்தலை, இனிப்பு மருந்து, புளித்த பால். மகளின் கழுத்தடியில் முகம் வைத்தால் வரும் வாசனை. உள்ளே கம்பித் தட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை. கறுப்புச் சுவர்களில் மட்டும் வியர்வை போல நீர் கோத்திருந்தது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து உள்சுவரைத் துடைத்தாள். மெதுவாக, இரண்டு நாளாக ஒரு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த அதே பதத்தில்.

படுக்கையறையிலிருந்து மகளின் குரல் வந்தது. தெளிவாக.

"அம்மா... துணி சில்லுனு இருக்கு."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு வெறி பிடித்தவள் போல ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டுகளை எடுத்து ஓவனுக்குள் அடுக்கினாள். 39.4. துடைத்தாள். 38.5. துடைத்தாள். 37.6. ஓடிப் போய்ப் பார்த்தால், மொட்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள்.

அந்தக் கால் மணி நேரம் அவள் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷமாக இருந்தது. பிறகு ஐஸ் உருகியது. எண் ஏறியது. ஃபிரிட்ஜில் வேறு ஐஸ் இல்லை.

39.0 ஆனபோது அழைப்பு மணி அடித்தது. மெக்கானிக், மழைக்கோட்டில் நீர் சொட்ட, கருவிப் பெட்டியோடு நின்றார். சந்து வழியாக வண்டியை நுழைத்து வந்திருந்தார்.

"அண்ணா, இதை நிரந்தரமா சரி பண்ணிடுங்க" என்றாள் அவள். "இனிமே ஏறவே கூடாது."

அவள் குரலைக் கேட்டு அவர் ஒரு நொடி முகத்தைப் பார்த்தார். பிறகு எண்ணைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "இந்த மாடல்ல புள்ளியே வராதும்மா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஓவனுக்குத் தனியாக இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, பக்கவாட்டுத் திருகுகளைக் கழற்றி, முட்டுக்கொடுத்து அதைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்தார். "ஓவனும் மாப்பிள்ளையும் ஒண்ணும்மா. வீட்டுக்குள்ள நுழைக்கறது சுலபம், வெளியே எடுக்கறதுதான் பாடு." அவள் சிரிக்கவில்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். சூடேற்றும் காயில் சரி. ஃபியூஸ் சரி. கதவு ரப்பர் சரி. உள்ளே பின்சுவரில் பென்சில் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய உலோகக் குச்சியைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான் சென்சார். இதுக்கு நாக்கு மாதிரி. இதை வச்சுத்தான் சூடு பார்க்கும். இதை மாத்திட்டா போதும்."

ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினார்.

"அம்மா!" உள்ளேயிருந்து அலறல். "அம்மா, நாக்கு வலிக்..."

பாதியில் நின்றது.

"நிறுத்துங்க! அண்ணா, நிறுத்துங்க!"

"ஆச்சும்மா, வந்துடுச்சு." அவர் கையில் அது இருந்தது. இரண்டு துண்டாக. "பழசு, தொட்டதும் உடைஞ்சு போச்சு." புதியதைப் பொருத்தி, ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டார். திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு எரிந்தது.

24.

புள்ளி இல்லை.

"பார்த்தீங்களா? இந்த ரூம்ல என்ன சூடோ அதைக் காட்டுது" என்றார் அவர் நிறைவாக, கையைத் துடைத்துக்கொண்டே.

அவள் அதற்குள் நடையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மொட்டு கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. முகம் அமைதியாக இருந்தது. கையைத் தொட்டாள். மேஜையைத் தொட்டது போல் இருந்தது. சுவரைத் தொட்டது போல். தெர்மாமீட்டர் வெறும் கோடுகளைக் காட்டியது; அவ்வளவு கீழே அது அளக்காது.

"அம்மா. குளுருது."

மகளின் குரல்தான். ஆனால் அதில் ஈரமே இல்லை.

அவள் சமையலறைக்கு வந்து விழுந்தாள். "பழசைப் போடுங்க. பழசையே போடுங்க அண்ணா."

"உடைஞ்சு போச்சேம்மா..."

"அப்போ முப்பத்தேழுல வைங்க."

"ஓவன்ல ஏதும்மா முப்பத்தேழு? இது ஐம்பதுலதான் ஆரம்பிக்கும்." அவர் இப்போது பயந்துபோயிருந்தார். "பாப்பாவுக்கு முடியலையா? வண்டி வாசல்ல நிக்குது. வாங்க, நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

அவள் ஓவனைப் பார்த்தாள். அதை வண்டியில் ஏற்ற முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், இங்கே இருந்து இந்த எண்ணை யார் பிடித்து வைப்பது?

"நீங்க போய் டாக்டரைக் கூட்டிட்டு வாங்க. நான் இந்த இடத்தை விட்டு வர முடியாது. போங்க!"

அவரைத் தள்ளாத குறையாக அனுப்பினாள். வண்டி கிளம்பும் சத்தம் மழையில் கரைந்தது.

ஓவனின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியை ஐம்பதுக்குத் திருப்பினாள். கதவை மூடினாள். 29. 33. 36. திறந்தாள். 38. ஈரத்துணியை உள்ளே வீசினாள். 37. மூடினாள். "மொட்டு! இப்ப எப்படி இருக்கு?" என்று கத்தினாள். "சரியா இருக்கும்மா" என்று பதில் வந்தது. திறந்தாள். மூடினாள். ஒரு விரற்கடை திறந்து வைத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு நழுவியது. மூடினாள். திறந்தாள். தரையெல்லாம் தண்ணீர். முழங்கால் வலித்தது. மணி நாலரை. ஐந்து. டாக்டர் வரவில்லை. ஃபோன் படுக்கையறையில் அடித்து அடித்து ஓய்ந்தது. எழுந்து போக முடியாது. திறந்தாள். மூடினாள். இப்படியே எத்தனை மணி நேரம்? எத்தனை நாள்? எத்தனை நாளானாலும் சரி. பள்ளிக்கூடம் போகட்டும், பெரியவளாகட்டும், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். 36. 37. 37.

"தூங்கும்மா" என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல். "கொஞ்ச நேரம்."

"மாட்டேன்டா கண்ணு."

37. 37.

கதவின் இளஞ்சூடு கன்னத்துக்கு இதமாக இருந்தது. கண்ணை ஒரே ஒரு தடவை இமைத்தாள்.

கன்னம் பொசுங்கி விழித்தாள்.

அறை இருட்டியிருந்தது. மழை நின்றிருந்தது. ஓவன் கதவு இறுக மூடியிருந்தது. உள்ளே காயில் இரண்டும் சிவப்பாகக் கனன்றன. கறுப்புக் கண்ணாடி முழுவதும் அந்தச் சிவப்பு.

250.

திருகி கடைசி வரைக்கும் திருப்பப்பட்டிருந்தது. அதைப் பிடிக்கக் கை நீட்டினாள். நின்றாள். அதன் பிளாஸ்டிக் ஒரு பக்கமாக உருகி இளகியிருந்தது. அந்தக் குழைவில், மாவில் அழுத்தியது போல, ஒரு கட்டைவிரல் தடம். ரொம்பச் சின்னது.

பின்னால் சத்தம் கேட்டது.

வெறுங்கால்கள். ஈரத் தரையில். ஒரு அடி. சொய்ங்.

இன்னொரு அடி. சொய்ங்.

வாணலியில் தண்ணீர் தெளித்தால் எழும் சத்தம். பிடரி முடி சுருளும் அளவுக்கு ஒரு அனல் நெருங்கி வந்தது. அவளால் திரும்ப முடியவில்லை.

"அம்மா" என்றது அந்தக் குரல், சந்தோஷமாக. "இப்ப குளுரவே இல்ல."

அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இரண்டு தோள்களுக்கும் மேலாக, சின்னஞ்சிறு கைகள் இரண்டும் நீண்டன. விரல் நுனிகளில் இருட்டு சிவந்திருந்தது.