வாளியைத் தூக்கிய கை

சாம்பார் வாளி காற்றில் தானாக நடந்துகொண்டிருந்தது. இலைக்கு இலை நின்றது, சாய்ந்தது, கரண்டி முங்கி எழுந்து ஊற்றியது, அடுத்த இலைக்கு நகர்ந்தது. தூக்கிய ஆளை மட்டும் காணோம். தர்ஷிகா அந்தப் பந்தியை எத்தனையாவது தடவையாக ஓடவிடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பிழைப் பட்டியலில் இதற்கு ‘வாளிப் பேய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினோரு வருடமாக எல்லோரும் பார்த்துச் சிரித்தார்களே தவிர, ஒருவரும் தீர்க்கவில்லை.

நிகழ்பெட்டி வந்த புதிதில் கோயம்புத்தூரில் அது இல்லாமல் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்வார். மண்டபம் மொத்தத்தையும் பெட்டி ஒரு தகட்டில் பதிந்துகொள்ளும். பிறகு வேண்டியபோதெல்லாம் அந்த நாளுக்குள் இறங்கிக் காலாற நடந்துவிட்டு வரலாம். செய்த கம்பெனி மூடிப் போனது, பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கெட்டுப் போயின. தகடுகள் மட்டும் பீரோக்களில் கிடந்தன. அவற்றை ஓட்டுவதற்காக இம்ரான் என்பவர் ஆள் சேர்த்து ‘போலிப்பெட்டி’யை எழுதினார். இன்றைய கணினியைப் பழைய பெட்டி போலவே நடிக்கவைக்கும் மென்பொருள் அது. அதில் படம் வரைவது ஒரு தனிச் செருகி, அதாவது தனியே எழுதிச் சேர்க்கும் துணை நிரல். அந்த வரைசெருகி தர்ஷிகாவின் பொறுப்பு. சம்பளம் கிடையாது.

சம்பளமில்லாத வேலைக்கு அவள் வந்ததற்குக் காரணம் அவள் அம்மா சுகந்தி. சிங்காநல்லூரில் ஒரு மண்டபத்தில் பந்தி பரிமாறியவள், தர்ஷிகாவின் ஆறு வயதில் இறந்துபோனாள். மகளிடம் மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த மங்கிய படம் ஒன்றுதான். அம்மா எப்படி நடப்பாள் என்பதுகூட மறந்துவிட்டது. அந்த மண்டபத்துக் கல்யாணத் தகடுகளைச் சோதனைக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். முப்பத்திரண்டு வந்தன. ஒன்றிலும் அம்மா இல்லை. பரிமாறிய ஒருவர்கூட இல்லை.

செருகியில், எது முன்னால், எது பின்னால் தெரிய வேண்டும் என்று கணக்கிடும் இடத்தில் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் அங்கேயே மண்டையை உடைத்துக்கொண்டாள். அங்கே ஒரு குறையும் இல்லை. கடைசியில் செருகியை விட்டுவிட்டுத் தகட்டையே திறந்து எண் எண்ணாகப் படித்தாள். வாளியைத் தூக்கியவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவர் பெயருக்குப் பதிலாகவும் ஓர் எண் இருந்தது. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ‘கவன எடை’. மாப்பிள்ளையின் கண் ஒன்றின் மேல் எத்தனை நேரம் நின்றது என்பதைக் கண்ணாடி அளந்து சொல்லும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் பெட்டி அதை வரையாது. பெட்டியின் திறனைச் சேமிக்கும் ஏற்பாடாம். மாப்பிள்ளைகள் சாம்பாரைப் பார்த்தார்கள், அதனால் வாளி தப்பித்தது. ஊற்றியவளின் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வாளியையும் சேர்த்து மறைத்துவிட்டால் பிழை தீர்ந்தது என்றார் இம்ரான். நல்ல மனிதர்தான், ஆனால் எளிதான வழி எதுவோ அதுவே அவருக்குச் சரியான வழி. தர்ஷிகா கேட்கவில்லை. நாற்பது என்ற வரம்பையே தூக்கி எறிந்துவிட்டு முப்பத்திரண்டு தகடுகளையும் ஓட்டினாள்.

தீபக்ராஜ் என்பவருடைய கல்யாணத் தகட்டில் அம்மா வந்தாள். நீலச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். வலது கையில் வாளி. நெற்றி வியர்வையைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு, லேசாக இடப்பக்கம் சாய்ந்து நடந்தாள். தர்ஷிகா கூடவே பந்தி முடியும்வரை நடந்தாள். வாய்விட்டு அழுதாள்.

புதிய செருகி வெளியான மூன்றாம் நாள் புகார்கள் குவிந்தன. யார் இவர்கள், எங்கள் கல்யாணத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் தீபக்ராஜ். தகடு வைத்திருப்போர் சங்கத்தின் தலைவர் அவர். படத்தில் ஒரு பெண்ணைச் சிவப்பால் வட்டமிட்டு, பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, உடனே துடைக்கவும் என்று எழுதியிருந்தார். வட்டத்துக்குள் இருந்தது சுகந்தி.

அவர் இலையில் சோறு போட்டவளைத் துடைக்க வேண்டுமாம்! தர்ஷிகா பதில் எழுதி எழுதி அழித்தாள். அதற்குள் சங்கம் கூடித் தீர்மானம் போட்டுவிட்டது. தகட்டின் எடைப்படி மட்டுமே வரைய வேண்டும், செருகி எழுதுபவர்கள் சொந்தமாகச் சேர்த்த விதி ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதுவே அசல். எல்லோரையும் வரைவது வேண்டுமானால் தனிப் பொத்தானாக ஓரத்தில் இருக்கட்டும்.

சேர்த்த விதிகளைத் தேடியபோது அவளுக்கு முன்னால் செருகியை எழுதியவர்களின் நிரல் வரிகள் சில கிடைத்தன. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் பெட்டியைத் தரும்போது சிலருடைய எடையைக் கையாலேயே ஏற்றிக் கொடுப்பார்களாம். அது தகட்டில் பதியாது, பெட்டியோடு போய்விட்டது. அந்தக் குறையை மறைக்கப் பின்னால் வந்தவர்கள் எழுதிய வரிகள் இவை. அதைச் சொல்லத் தீபக்ராஜைப் போனில் கூப்பிட்டாள். அவர் பாதியிலேயே வெட்டினார்.

“ஏம்மா, ஒண்ணுகூட வேண்டாம்னா வேண்டாம்தான். உங்க கைவேலை எதுவும் எங்களுக்கு வேண்டாம்.”

வந்த கோபத்துக்கு அவள் ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அசல் முறை வெளியானது. மதியம் தீபக்ராஜிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் பழைய கனம் இல்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். மாமனார் கொடுத்த கார் சாவி பளபளவென்று தெரிகிறது, வந்திருந்த எம்.எல்.ஏ.வின் மீசை தெரிகிறது, மேடையில் மாலை மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது என்றார்.

“தாலிய வெறும் காத்துல கட்டறனுங்க. நிவேதாவக் காணோம். உங்க செருகில பிழை.”

தர்ஷிகா தகட்டைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். எம்.எல்.ஏ.வுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. கார் சாவிக்கு இருநூற்று ஆறு. மணமகளுக்குப் பதினேழு.

“பிழை இல்லீங்க சார். அன்னைக்கு நீங்க பாத்தது அவ்வளவுதான். பொண்ண எப்பவும் வரையணும்னு முன்னால ஒருத்தர் ஒரு வரி எழுதி வச்சிருந்தாரு. நீங்க எடுக்கச் சொன்னீங்க.”

அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் போட்டுவிடச் சொன்னார். தீர்மானம் அது இது என்று பார்க்க வேண்டாம், தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். தர்ஷிகா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் போனை வாங்கியது.

“நான் நிவேதா பேசறன் கண்ணு. எனக்குன்னு தனியா ஒண்ணும் எழுத வேண்டாம். ஓரத்துல ஒரு பொத்தான் இருக்குதே, எல்லாரும் வர்றது, அதுல நான் இருக்கறனா?”

“இருக்கீங்கம்மா.”

“அப்ப இந்த வீட்ல இனி அதுதான் ஓடும்” என்றாள் நிவேதா. எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கேட்டாள். தர்ஷிகா சொன்னாள்.