இறந்துபோனதாகச் சொன்ன அம்மா

அடுப்பில் பால் பொங்கி வழிந்தும் யாரும் நகரவில்லை. கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த குழந்தை, யாருடைய செருப்பையோ பிய்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நின்று நாத்தனார் கரண்டியால் தட்டைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. குழந்தை திரும்பவில்லை.

"காது கேட்காதுன்னு நேத்துதான் டாக்டர் சொல்லிட்டாரே அண்ணி... இன்னும் எதுக்குத் தட்டுறீங்க?" என்றாள் துணிக்கடைக்காரர் மனைவி, மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

நாத்தனார் கடைக்காரரின் அக்கா. அந்த வீட்டுச் சாவியும் மானமும் அவள் இடுப்பில்தான் இருந்தன. அவளைக் குறை சொல்வது சுலபம். ஒரு குடும்பத்தின் பெயரைத் தலைகுனியாமல் வைத்திருப்பது அவ்வளவு சுலபமல்ல. ஆனால் அன்று அவள் கோபமெல்லாம் குழந்தையின் தாயான தம்பி மருமகள்மேல் இறங்கியது. பெண் வீட்டில் எவனோ ஒரு ஊமை இருந்திருக்கிறான், மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றாள். பெண்ணின் அப்பாவை வரச்சொல்லியாகிவிட்டது, வந்ததும் மகளையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போகட்டும் என்றாள். கடைக்காரரின் மகன் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான்.

கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்றது அந்தப் பார்வை.

அவள் மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள் என்று தெருவில் அவளுக்குப் பெயர். வெறுங்கையாக இருந்தால் கைகள் தாமாகப் பேசிவிடும் என்பது அவருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அவளைப் பெற்ற இருவருக்கும் காது கேட்காது. கைகளால்தான் அவளைக் கொஞ்சினார்கள், கைகளால்தான் அடக்கி வளர்த்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது, அக்கா சம்மதிக்கமாட்டாள், பெற்றவர்கள் இறந்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்றார் அவர். அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, 'நீ நன்றாக இரு, நாங்கள் செத்தவர்களாகவே இருந்துகொள்கிறோம்' என்று கைகளால் சொல்லிச் சிரித்தார். அப்பா நிஜமாகவே இறந்த அன்று அவள் இந்த வீட்டில் விருந்தாளிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு பஸ் தள்ளித் தையல் மெஷினோடு தனியாக இருந்தாள். தனக்கும் நாத்தனாருக்கும் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில்தான் பெற்ற தாயைப் பார்த்துவந்தாள்.

பஸ் கண்டக்டரான சம்பந்தி டியூட்டி உடுப்போடே வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. தன் பக்கத்தில் அப்படி யாரும் கிடையாது என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்பும் கேட்டார்.

"வாய்ப்பேச்சு வேண்டாம். குழந்தை தலையில கைவச்சு சத்தியம் பண்ணுங்க," என்றாள் நாத்தனார்.

அந்த மனிதர் குனிந்தார். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன விரல்கள் குழந்தையின் தலைக்கு வந்தன. தன் பாரத்தை அடுத்தவர் தலையில் ஏற்றிவைத்துக் காப்பாற்றுகிற பெயர் ஒரு பெயரா? கடைக்காரர் மனைவி துணியைக் கீழே போட்டாள்.

"கையை எடுங்க சம்பந்தி. நீங்க சத்தியம் பண்ண வேண்டாம். எங்க அப்பாவுக்குக் காது கேட்காது. அம்மாவுக்கும் கேட்காது... அம்மா இன்னும் உயிரோடதான் இருக்காங்க."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று பாய்ந்தார் கடைக்காரர்.

பெரியவர்களின் முகங்களைப் பார்த்து மிரண்டு குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அதன் எதிரே மண்டியிட்டு, பயப்படாதே, பாட்டி இருக்கிறேன் என்று இரு கைகளாலும் சொன்னாள். குழந்தை அழுகையை நிறுத்தி அந்தக் கைகளையே பார்த்தது.

மருமகள் அவள் முன்னால் வந்து நின்றாள். "ஒவ்வொரு வார்த்தையா என்னைக் குத்தினப்போ நீங்க பக்கத்துல நின்னு துணி மடிச்சீங்களே அத்தை..."

"ஆமாம்மா. மடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அனாதைன்னு சொன்னது?"

"நான்தான் அக்கா. உனக்குப் பயந்து."

நாத்தனார் மெல்ல உட்கார்ந்தாள். "அப்போ என் ரவிக்கை தைக்கிற அந்தக் காது கேட்காதவங்க..."

"என் அம்மாதான்."

"அவங்க எதிர்லயே ஊமைன்னு சொல்லியிருக்கேனே... கேட்டிருக்காது, இல்ல?"

"உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்க அண்ணி."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைக்காரர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "இவனுக்குப் பேசக் கத்துக்கொடுக்க ஆள் இருக்கு. நான் போறேன்." யாரையும் அவள் கூப்பிடவில்லை. தெருமுனை வருவதற்குள் மருமகள் ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். மகனும் சம்பந்தியும் பின்னால் வந்தார்கள். கடைக்காரர் பஸ் நிறுத்தம்வரை வந்து, ஏறாமல் நின்றுவிட்டார். பஸ் திரும்பும்வரை அவள் அவரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்த அம்மா மகளைப் பார்த்தாள், பிறகு பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அளவு கொடுக்க வந்தவர்கள்போல எல்லாரையும் உள்ளே விட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மருமகளின் தோளில் வைத்தாள்.

அந்தக் கையை மகள் பிடித்துக்கொண்டாள். இது உன் பேரன், இது அவன் மனைவி, இது அவர்கள் பிள்ளை என்று எல்லார் எதிரிலும் கைகளால் சொன்னாள்.

அம்மா பதறிப்போய் ஜன்னல் பக்கம் பார்த்தாள். 'தெருவில் யாரோ பார்க்கிறார்கள்' என்றன அவள் கைகள்.

'பார்க்கட்டும் அம்மா.'

மருமகள் குழந்தையை அந்தக் கைகளில் கொடுத்தாள்.