வேகம் குறைந்த கால்குலேட்டர்

"மிஸ், என் கால்குலேட்டரை யாரோ நாசம் பண்ணிட்டாங்க!"

முதல் மணி அடிக்கும் முன்பே டிராவிஸ் இயற்பியல் அறைக்குள் பாய்ந்தான். பின்னாலேயே கணக்கு வாத்தியார் ப்ரூயிட். டெக்சாஸின் அமரில்லோ ஊர்ப் பள்ளியில் எது காணாமல் போனாலும் எல்லோரும் ஓடி வருவது இயற்பியல் டீச்சர் லொரீன் ஹேட்சரிடம்தான். அந்த அம்மாளோ ஐஸ் போட்ட தேநீரை ஒரு வாய் குடிக்காமல் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

"இது கிராஃப் வரையுற மெஷின். உள்ளே கண்டன்சர்னு ஒரு குட்டி பாகத்தை மாத்தி வெச்சு ரெண்டு மடங்கு வேகமாக்கினேன்," என்றான் டிராவிஸ். "இன்னைக்குப் பார்த்தா பழையபடி நத்தை! மத்தியானம் கணக்குப் போட்டி. பரிசு வாங்கலேன்னா எனக்குக் காலேஜே இல்ல, மிஸ்."

"செஞ்சது நம்ம போட்டி அணியில இருக்கிற மார்லாதான்!" ப்ரூயிட் துள்ளினார். "நேத்து சாயங்காலம் போட்டி விதிப்படி எல்லா மெஷினோட மெமரியையும் நான் அழிச்சேன். திருப்பிக் குடுத்தது அவ. பொறாமை! இப்பவே அவளை அணியை விட்டுத் தூக்குறேன்."

"அவசரப்படாதீங்க. டிராவிஸ், இதை எதால திறந்தே?"

"நட்சத்திர ஸ்க்ரூ மிஸ், அதுக்கேத்த கருவி இல்ல. அப்பாவோட பேனாக்கத்தியால. வழுக்கி வழுக்கி உயிர் போச்சு."

லொரீன் மெஷினைத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்றிருந்த ஸ்க்ரூக்களை ப்ரூயிட்டும் பார்த்தார், ஆனால் அவர் மனசு மார்லாவைத் தண்டிப்பதிலேயே இருந்தது.

"பேட்டரி?"

"வேகமாக்கினதுலேர்ந்து தண்ணியாக் குடிக்கும். இன்னைக்கு மாத்தணும்னு இருந்தேன். ஆனா இன்னும் முழுசா இருக்கு, ஆச்சரியம்!"

லொரீன் மார்லாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தவள் தலை நிமிரவில்லை.

"இதை யாரும் மெதுவாக்கல," என்றார் லொரீன். "கத்தி வழுக்கின ஸ்க்ரூவுல ஒரு கீறல்கூட இல்லையே, அது எப்படி? இது யாரும் திறந்தே பார்க்காத மெஷின். இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் பேரை எழுதுறது இழுத்துக் கழட்டுற மூடியில. அந்த மூடி எந்த மெஷினுக்கும் பொருந்தும். மெமரியும் அழிஞ்சாச்சு, அப்புறம் எல்லாம் ஒரே மூஞ்சி. உன் மூடியை வேற மெஷின்ல மாட்டியிருக்காங்க; உன் பேரைப் பார்த்ததும் உன்னோடதுன்னு நம்பிட்டே. பேட்டரி தீர்ற மெஷின் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் மாத்தினது; இன்னைக்குக் காலைல என்கிட்ட பேட்டரி கேட்டு வந்தது ஒரே ஒரு ஆள்."

மார்லா பையிலிருந்து தன் பெயர் எழுதிய மெஷினை எடுத்து வைத்தாள். பின்புறம் ஸ்க்ரூ முழுக்கக் கீறல்.

"பார்த்தீங்களா! திருடி!" என்றார் ப்ரூயிட்.

"திருடுறவ தன்னோட நல்ல மெஷினைக் குடுத்துட்டா போவா?" என்றார் லொரீன். "நீயே சொல்லும்மா."

"ரொம்ப நேரம் ஓடினா டிராவிஸோட மெஷின் அப்படியே உறைஞ்சு போகுது சார்," என்றாள் மார்லா. "பயிற்சியில பலதடவை பார்த்தேன். சொன்னா, 'வயித்தெரிச்சலா?'ன்னு சிரிச்சான். போட்டி நடுவுல நின்னா அவன் கதி? எனக்காவது அப்பா கடை இருக்கு."

"அப்போ நீ இதோட போட்டிக்குப் போயிருப்பியா? லூசா நீ?" என்றான் டிராவிஸ். "என்னால உன்னை அணியை விட்டே தூக்கியிருப்பாங்க மார்லா."

ப்ரூயிட் தொப்பியைக் கழற்றிப் பிசைந்தார். "மன்னிச்சுக்கோம்மா," என்றார். நிஜமாகவே வெட்கப்பட்டார் மனுஷன்.

டிராவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோதனை மேசைக்குப் போய், ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, தன் மெஷினைத் திறந்தான். லொரீன் டப்பாவைத் துழாவி ஒரு சாதாரண கண்டன்சரை நீட்டினார். மூன்று வாரம் ராப்பகலாய்ப் பெருமையடித்த வேகத்தை அவனே தன் கையால் கழற்றிப் போட்டான்.

மெஷினைச் சாத்தி, பெயர் எழுதிய மூடிகளையும் மாற்றிப் போட்டு, மார்லாவின் மெஷினை அவளிடம் நீட்டினான்.

"உன்னோடது உனக்கு. என்னோடது நத்தைதான், ஆனா நிக்காது. ரொம்ப நன்றி மார்லா. வா, எனக்குப் பக்கத்து சீட்டுல உட்காரு."